பதினேழாம் எண் துண்டு

துண்டக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அலுவலகக் காகிதங்களில் கிடந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் அவளுக்கே ஞாபகம் வரும். மற்றபடி தெருவில் பிறந்த குழந்தை முதல் பல் விழுந்த கிழவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் துண்டக்காதான். சொந்த நாத்தனார்கூடக் கோபம் வந்தால், "எங்க அண்ணியா, அவங்களுக்குத் துண்டுதான் புருஷன், துண்டுதான் புள்ளை" என்பாள்.

அந்தப் பேர் எப்படி வந்தது என்றால், அதற்கு உலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தத் தெருவின் கோடியில் நின்று பார்த்தால் அணுமின் நிலையத்தின் குமிழ் தெரியும். கழுவிக் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். ஜனங்கள் அதை உலை என்று மட்டும்தான் சொல்வார்கள். உலைக்கு வேலைக்குப் போனான், உலையிலிருந்து வந்தான், அவ்வளவுதான். அது வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான், ஏதாவது ஒன்று ஆனால் இத்தனை ஜனத்தையும் எப்படி வெளியே கொண்டுபோவது என்று அலுவலகத்துக்காரர்களுக்கு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு வீடு அயோடின் மாத்திரை கொடுத்தார்கள், சொன்னால் மட்டும் போட வேண்டும், சும்மா போடக் கூடாது என்றார்கள். தண்ணீர்த் தொட்டி மேல் சங்கு வைத்தார்கள். சங்கு ஊதினால் ஜன்னலைச் சாத்தி, அடுப்பை அணைத்து, பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும். அங்கே பஸ் நிற்கும்.

கடைசியாக ஒரு வெள்ளைத் துண்டு. வீட்டை விட்டு எல்லாரும் கிளம்பியதும் வாசல் கதவின் கைப்பிடியில் அதைக் கட்ட வேண்டும். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை, தட்ட வேண்டாம் என்று அர்த்தம். துண்டு இல்லாத வீட்டை மட்டும் தட்டிப் பார்த்தால் போதும், நேரம் மிச்சம்.

தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றபோது எல்லாரும் சலவைக்கடைக்காரியைத்தான் கை காட்டினார்கள். ஏனென்றால் அவளுக்குத் தெரியாத வீடு கிடையாது. அந்தத் தெருவில் முப்பத்தொரு வீடு. யார் வீட்டில் எத்தனை பேர், யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யார் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், எல்லாம் வெளுக்க வருகிற துணியை வைத்தே சொல்லிவிடுவாள். ஏழாம் வீட்டு மருமகளுக்குக் குழந்தை உண்டாகியிருப்பது அந்த வீட்டு மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் சலவைக்கடைக்குத் தெரியும்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் நாத்தனாரும்தான் கடையை நடத்தினார்கள். பெரிய கொப்பரை ஒன்று, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், துணி கொண்டுபோகிற மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்று. அலுவலகம் கொடுத்த முப்பத்தொரு துண்டுக்கும் அவளே சலவைக் குறி போடுகிற அழியாத மையால் மூலையில் எண் எழுதினாள். வருஷா வருஷம் சங்கு ஊதி ஒத்திகை பார்க்கிற பயிற்சி வருவதற்கு முன்னால் எல்லாத் துண்டையும் வாங்கி வந்து, வெளுத்து, மடித்துத் திருப்பிக் கொடுப்பாள். நாலாம் எண் துண்டில் ஷூ பாலிஷ் கறை. இருபத்திரண்டு தொட்டிலில் கிடந்துவிட்டு வரும், பால் வாசனை போகவே போகாது. பதினேழு மட்டும் மடிப்புக் கலையாமல் அப்படியே வரும். அது ரொட்டி மாமா வீட்டுத் துண்டு.

ரொட்டி மாமா என்பவர் அவளுடைய அம்மாவின் தம்பி. நாற்பது வருஷம் ரொட்டி அடுப்பில் வேலை பார்த்தவர். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, ஊர் எழுந்திருக்கும்போது வீட்டுக்கு வருவார். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது காலையில் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக வாசலில் வந்து நிற்பார். தலைமயிர், புருவம், காது மடல் எல்லாம் மாவு. சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுப்பார். உள்ளே ரொட்டியின் முனைத் துண்டு, தொட்டால் சுடும். "உடைஞ்சு போச்சு பொண்ணு, விக்க முடியாது, நீ தின்னு" என்பார். தினம் தினம் ஒரு ரொட்டி எப்படித்தான் அவர் கையில் மட்டும் உடையுமோ என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆச்சரியம். அவளே வேலைக்குப் போன பிறகுதான் அந்த ரகசியம் புரிந்தது. புரிந்தபோது சிரித்தாள், கொஞ்சம் அழுதாள் என்றும் சொல்வார்கள்.

மாமாவுக்குக் கல்யாணம் காட்சி எதுவும் ஆகவில்லை. "அடுப்புக்கு முன்னால நின்னு நின்னு என்னைப் பார்த்தாலே பொண்ணுங்களுக்கு வேர்க்குது" என்பார். வேலையை விட்டு ஓய்வு எடுத்த பிறகும் உடம்பு பழைய கணக்கை விடவில்லை. காலை ஒன்பதுக்குப் படுத்தால் மத்தியானம் இரண்டு வரைக்கும் ஒரே தூக்கம். கண்ணுக்கு மேல் கறுப்புத் துணி. அடுப்பின் இரைச்சலில் காதும் பாதி போயிருந்தது. பக்கத்தில் வெடி வைத்தாலும் புரண்டுதான் படுப்பார்.

முதல் வருஷப் பயிற்சிக்கு மட்டும் மாமா வந்தார். வந்ததுதான் தப்பாகப் போயிற்று. அடிபட்டவர் மாதிரி நடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று அலுவலகத்துக்காரர்கள் தேடினார்கள். வயதானவர், சாதுவாக நிற்கிறார் என்று இவரைப் பிடித்துக்கொண்டார்கள். கழுத்தில் 'கதிர்வீச்சு பட்டவர்' என்று அட்டை மாட்டி, தார்ப்பாய் மறைப்புக்குள் நிறுத்தி, குழாயைத் திறந்து தலை முதல் கால் வரைக்கும் பீய்ச்சி அடித்தார்கள். அடித்த வேகத்தில் மாமாவின் பல்செட்டு எகிறி எங்கேயோ போய் விழுந்தது. மாமா வாயைப் பொத்திக்கொண்டு என்னவோ சொல்கிறார், அவர்கள் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடச் சாக்கடையில் பல் கிடைத்தது.

"இனிமே உலையே எழுந்து நடந்து என் வாசலுக்கு வந்தாலும் சரி, நான் அந்த மைதானத்துக்கு வரமாட்டேன்" என்று மாமா சொல்லிவிட்டார்.

துண்டக்காவும் வற்புறுத்தவில்லை. தூங்கட்டுமே, பயிற்சிதானே. அடுத்த வருஷத்திலிருந்து சங்கு ஊதினதும் தெருவில் ஓடும்போது, பதினேழாம் வீட்டு ஜன்னல் கட்டையில் இருக்கிற துண்டை எடுத்து அவளே கைப்பிடியில் கட்டிவிட்டுப் போய்விடுவாள். காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது அது. நாத்தனாருக்கு மட்டும் தெரியும்.

இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பயிற்சி என்றால் கூடவே ஒரு அதிகாரி வருவார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். எந்தத் தெரு சீக்கிரம் காலி ஆகிறது என்று பார்த்து, அந்தத் தெருவுக்கு ஒரு கேடயம் கொடுப்பார். துண்டக்காவின் தெரு முதல் வருஷமே கேடயம் வாங்கியது. அதற்கப்புறம் அவளுக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. "முதல்ல துண்டைக் கட்டுங்க, அப்புறம் செருப்பைத் தேடுங்க" என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தாள். ஜனங்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள். துண்டைக் கட்டிவிட்டுச் சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. துண்டைக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தி உள்ளேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. துண்டு தொங்கினால்தான் யாரும் தட்ட மாட்டார்களே.

பதினெட்டு நிமிஷமாக இருந்தது பன்னிரண்டு ஆயிற்று, பிறகு எட்டு. வரிசையாக ஆறு கேடயம். அதில் கனமான ஒன்றை நாத்தனார் ஈரத் துணி பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்திருந்தாள்.

"அண்ணி, அடுத்த வருஷம் கொஞ்சம் அகலமா கொடுக்கச் சொல்லுங்க. போர்வைக்குப் பத்த மாட்டேங்குது."

"உனக்கு எல்லாமே கிண்டல்தான்."

"கிண்டல் இல்லை அண்ணி. எட்டு நிமிஷத்துல நம்ம தெருவுல ஒரு ஆள் சட்டைப் பித்தான்கூடப் போட்டதில்லை. எப்படித்தான் காலி ஆகுதோ!"

துண்டக்கா கொப்பரையைக் கிளறப் போய்விடுவாள்.

ஏழாவது வருஷம் பயிற்சி இந்த வாரத்தில் ஒரு நாள் இருக்கும், எந்த நாள் என்று சொல்லமாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். துண்டுகளெல்லாம் வெளுத்து அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது.

துண்டக்கா கொப்பரையில் துணி கிளறிக்கொண்டிருந்தாள். கோலை அப்படியே போட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, பட்டியலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இரண்டு பக்கமும் கதவுகள் திறக்கிற சத்தம், கைப்பிடிகளில் துண்டுகளின் வெள்ளை. ஓடிக்கொண்டே எண்ணினாள். பதினேழாம் வீட்டு வாசலில் நின்றதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. கை தானாக ஜன்னல் கட்டைக்குப் போயிற்று, துண்டை எடுத்தது, ஒரு முடிச்சுப் போட்டது. கால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

முப்பத்தொன்று. மைதானத்துக்குள் நுழையும்போது மூச்சு இரைத்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு. ஏழரை நிமிஷம்கூட இருக்காது. மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மாவிடம், "முப்பத்தொரு வீடும் காலி மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு ஸ்டாப்வாட்ச்காரரைத் தேடினாள்.

அவர் இல்லை.

மைதானத்தில் பந்தல் இல்லை. அடிபட்டவராக நடிக்க ஆள் பிடிக்கவில்லை, தார்ப்பாய் மறைப்பும் கிடையாது. போன வருஷம் ஒரே ஒரு பஸ்தான் நின்றது. இன்றைக்கு ஏழு பஸ் நின்றது, ஏழும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி அம்மா அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை, அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் சொன்னதைச் சரியாகக் கேட்டாள். இது பயிற்சி அல்ல, இது பயிற்சி அல்ல என்று அது ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

 துண்டக்கா தன் வலது கையைப் பார்த்தாள். சோப்பு நுரை காய்ந்துபோயிருந்த அந்தக் கைதான் முடிச்சுப் போட்டது. உள்ளே கண்ணில் கறுப்புத் துணியோடு மாமா தூங்குகிறார், வெளியே அவர் இல்லை என்று துண்டு தொங்குகிறது. தேடி வருகிற எவனும் அந்தக் கதவைத் தட்டமாட்டான்.

நாத்தனார் பக்கத்தில் வந்தாள். கிண்டல் பண்ணுகிற முகம் இல்லை. "அண்ணி... மாமா?" என்றாள் மெதுவாக.

ஆறு கேடயம், ஏழு வருஷப் பேர், முன்னால் நிற்கிற தெரு ஜனம். அவள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேஜைக்குத் திரும்பிப் போனாள்.

"மேடம், நான் போட்ட கையெழுத்தை அடிச்சிருங்க."

"என்னம்மா?"

"என் பட்டியல் பொய். பதினேழாம் வீட்டுல ஆள் இருக்காரு. நான்தான் துண்டைக் கட்டினேன். வருஷா வருஷம் நான்தான் கட்டுவேன்."

சத்தமாகத்தான் சொன்னாள். தெரு முழுக்கக் கேட்டது.  தையல்காரரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அக்கா... எங்க வீட்டுக்காரரும் உள்ளதான் இருக்காரு. பள்ளிக்கூடத்துச் சட்டை நாளைக்குக் கொடுக்கணும்னு... பயிற்சிதானேன்னு..."

பன்னிரண்டாம் வீட்டு மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, என் மருமக. குளிச்சிட்டிருந்தா. தலையில ஷாம்பு இருக்கு, நீங்க போங்க அத்தை, துண்டைக் கட்டிட்டுப் போங்கன்னா. நானும் கட்டிட்டு வந்துட்டேன்!"

வேறு யாராவது உண்டா என்று துண்டக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இல்லை, மூன்று பேர்தான்.

அதிகாரி அம்மா, வேன் அனுப்புகிறோம், நீங்கள் பஸ்ஸில் ஏறுங்கள் என்றாள். துண்டக்கா தலையை ஆட்டினாள்.

"வேன்காரர் போய்த் தட்டினா அவர் காதுல விழாது மேடம். முன்கதவு உள்தாழ்ப்பாள். பின்கதவைக் கரண்டிக் காம்பை விட்டு நெம்பணும், அது எனக்குத்தான் தெரியும்."

அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், உலை இருந்த திசையைப் பார்த்தாள். இன்னும் எதுவும் வெளியே வரவில்லை என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "பதினஞ்சு நிமிஷம். மூக்கு வாயை ஈரத் துணியால கட்டிக்கங்க. அதுக்கு மேல பஸ்ஸை நிறுத்த எனக்கு உத்தரவு இல்லை."

துண்டக்கா ஓடினாள். பின்னால் இன்னொரு ஜோடிச் செருப்புச் சத்தம்.

"நீ எங்க வர்றே? போய் ஏறு!"

"மாமாவுக்கு முட்டி வலி. ஆமை மாதிரி நடப்பாரு. தள்ளுவண்டியை உங்க கேடயமா வந்து தள்ளும்?" என்றாள் நாத்தனார்.

ஆள் இல்லாத தெருவை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பயிற்சியில்கூட எங்கேயாவது ஒரு ரேடியோ பாடும், யாராவது ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள். இன்றைக்கு முப்பத்தொரு துண்டும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவளே வெளுத்த வெள்ளை. அதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

நாத்தனார் கடைக்குப் போய் வண்டியை இழுத்துக்கொண்டு, வழியில் தையல்காரர் கதவையும் பன்னிரண்டாம் வீட்டுக் கதவையும் உடைக்கிற மாதிரி தட்டினாள். துண்டக்கா பதினேழாம் வீட்டுச் சந்தில் புகுந்து, கொல்லையில் கிடந்த கரண்டியை எடுத்து, காம்பை இடுக்கில் விட்டு நெம்பினாள். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை திறந்தது.

மாமா மல்லாந்து படுத்திருந்தார். குறட்டை. கண்ணில் கறுப்புத் துணி, தலைமாட்டில் தம்ளர் தண்ணீரில் பல்செட்டு.

துண்டக்கா தோளைப் பிடித்து உலுக்கி, காதோரம் கத்தினாள். "மாமா! மாமா, எழுந்திருங்க!"

"ம்... ரொட்டி வெந்துருச்சா?"

"மாமா, நான்தான். சங்கு ஊதிருச்சு, கிளம்புங்க."

மாமா துணியை ஒரு கண்ணுக்கு மட்டும் தூக்கிப் பார்த்தார். "பயிற்சிக்கு நான் வரமாட்டேன்னு சொன்னேன்ல?"

"பயிற்சி இல்லை மாமா, நிஜம்!"

"துண்டைக் கட்டினியா?"

"கட்டினேன்."

"அப்புறம் என்ன? துண்டு தொங்குனா ஆள் இல்லைன்னு அர்த்தம். நான் இல்லை. போ." துணியைத் திரும்பக் கண்ணில் போட்டுக்கொண்டார்.

 துண்டக்கா தரையில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அவருடைய ஷூவை இழுத்து, அவர் காலைப் பிடித்து மாட்ட ஆரம்பித்தாள். கயிறு கட்ட வரவில்லை. விரல் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டது. முப்பத்தொரு முடிச்சு கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கை அது.

மாமா எழுந்து உட்கார்ந்தார். துணியைக் கழற்றி, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு. உன் கை ஏன் இப்படி ஆடுது?"

அவள் அடுத்த ஷூவை எடுத்தாள்.

அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கினார். குனிந்து கயிற்றை அவரே கட்டிக்கொண்டார். எழுந்து, தம்ளரிலிருந்து பல்லை எடுத்து உதறி, வாயில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுப் பித்தானைப் பூட்டினார். மாவு டப்பாவைத் திறந்து அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து இன்னொரு பையில் போட்டார்.

"பல்லைப் போட்டுக்கங்க மாமா."

"குழாயை எடுத்து அடிப்பானுங்க. எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை பல் பத்திரமா இருக்கட்டும்."

வாசலில் வண்டி நின்றது. அதில் பெட்டி போடாத படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்தன, இறக்கிவைக்க நேரமில்லை. அதன் மேல் மாமாவை ஏற்றி உட்கார வைத்தார்கள். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடும், கையில் ஒரு கை மட்டும் தைத்த சட்டையோடும் நின்றார். பன்னிரண்டாம் வீட்டு மருமகள் நுரை வழிகிற தலையோடு ஓடிவந்தாள். எதைச் சுற்றிக்கொள்வது என்று தெரியாமல் கதவில் தொங்கிய துண்டையே அவிழ்த்துத் தலையில் சுற்றியிருந்தாள். நெற்றிக்கு நேராகப் பன்னிரண்டு என்று எண் தெரிந்தது.

"மூணு பேரும் மூக்கைப் பொத்துங்க. மாமா, கெட்டியா பிடிச்சுக்கங்க" என்று நாத்தனார் வண்டியைத் தள்ளினாள்.

"ஏம்மா, இந்த விரிப்பெல்லாம் யார் வீட்டுது?"

"இருபதாம் வீட்டுது."

"நல்லா வெளுத்திருக்கீங்க. நான் உட்கார்ந்தேன்னு சொல்லிராதீங்க."

மைதானத்துக்கு வந்தபோது பதினைந்து நிமிஷம் போய், அதற்கு மேல் இன்னும் ஆறு நிமிஷம் போயிருந்தது. ஆறு பஸ் கிளம்பிவிட்டன. ஏழாவது நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அம்மா மேஜையை மடித்துவிட்டு, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னமோ காத்து கம்மியா இருக்கிற மாதிரி சந்தேகமா இருந்துச்சுக்கா. இப்பச் சரியாயிருச்சு, ஏறுங்க" என்றார் ஓட்டுநர். அவர் காதோரம் வேர்வை ஓடியது.

பஸ் கிளம்பியது. மாமாவுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். துண்டக்கா மடியில் பட்டியலை வைத்துக்கொண்டு, தெரு ஜனத்தை ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தூரத்து ஊர்ப் பள்ளிக்கூடம் வந்து சேரும் வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டேயிருந்தாள்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. உலைக்குள் ஏதோ ஒரு குழாய் வால்வு மாட்டிக்கொண்டதாம், சரிசெய்துவிட்டார்களாம், வெளியே ஒரு துளி வரவில்லையாம். மாத்திரைகூடப் போடச் சொல்லவில்லை. சாயங்காலமே எல்லாரையும் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். நடுவில் அந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பிட ரொட்டி கொடுத்தார்கள். மாமா பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு கடி கடித்தார். "இது ரொட்டியா, செங்கல்லா? யாருடா சுட்டது?" என்று எழுந்து சமையல் கூடத்தைத் தேடிக்கொண்டே போய்விட்டார். போனவர் திரும்பும்போது கையில் காகிதப் பொட்டலம். துண்டக்கா பக்கத்தில் வந்து நீட்டினார்.

"உடைஞ்சு போச்சு பொண்ணு. தின்னு."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றாள்.

அடுத்த வருஷப் பயிற்சிக்கு ஸ்டாப்வாட்ச்காரர் வந்தார். துண்டக்காவின் தெரு காலியாக நாற்பத்து மூன்று நிமிஷம் ஆயிற்று. ஊரில் உள்ள பதினான்கு தெருவில் கடைசி. ஏனென்றால் இப்போது துண்டை வீட்டுக்காரர்கள் கட்டுவதில்லை. துண்டக்கா தன் தோளில் போட்டு வைத்திருப்பாள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், ஒவ்வொரு அறையையும் பார்த்து, குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்து, வெளியே வந்துதான் தன் கையால் கட்டுவாள். பின்னாலேயே நாத்தனார் தள்ளுவண்டியோடு வருவாள்.

"என்னம்மா இது? எட்டு நிமிஷத் தெருன்னு உங்களை மத்த ஊர்ல எல்லாம் உதாரணம் சொல்லியிருக்கேன்" என்றார் ஸ்டாப்வாட்ச்காரர். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"ஐயா, அந்த எட்டு நிமிஷத்துல முப்பத்தொரு துண்டு வெளிய வந்துச்சு. ஆளுங்க வரலை" என்றாள் துண்டக்கா.

பிறகு நிமிஷம் குறையத்தான் செய்தது. நாற்பது, முப்பத்தைந்து, இருபத்தெட்டு. கேடயம் திரும்ப வரவேயில்லை. "துணிக்குப் பாரம் வைக்கப் புதுசா ஒரு கல்லுதான் எடுத்துட்டு வரணும்" என்று நாத்தனார் புலம்பினாள்.

மாமா விஷயம்தான் தெருவுக்கே வேடிக்கை. பயிற்சி வாரம் வந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் கிடையாது. காலை ஒன்பது மணிக்கே ஷூ போட்டு, கயிறு கட்டி, பல்லைச் சட்டைப்பையில் பூட்டிக்கொண்டு வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சங்கு ஊதி, அவள் பதினாறு வீட்டையும் பார்த்துவிட்டு வந்து நிற்கும்போது, "என்ன பொண்ணு, லேட்டு. இதுக்குள்ள ரெண்டு அடுப்பு ரொட்டி இறக்கியிருப்பேன்" என்பார். அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாலும் அவள் உள்ளே போய் அறை அறையாகப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். "நான் இங்க இருக்கேன், உள்ள யாரைத் தேடுறே?" என்று கத்துவார். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டு மகாராஜா மாதிரி தெருவில் போவார். அப்படி ஏழு வருஷம் போனார்.

எட்டாவது வருஷம் ஒரு சாதாரண நாளில், பயிற்சியோ சங்கோ எதுவும் இல்லாத ஒரு காலை நேரத்தில், ஒன்பது மணிக்குப் படுத்தவர் இரண்டு மணிக்கு எழுந்திருக்கவில்லை.

அந்த வருஷப் பயிற்சி மழை விட்ட ஒரு நாளில் வந்தது. துண்டக்கா ஒன்றாம் வீட்டிலிருந்து ஆரம்பித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பதினாறைக் கட்டிவிட்டுப் பதினேழுக்கு முன்னால் நின்றாள். வாசற்படியில் நாற்காலி இல்லை. பூட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் அவள் முன்கதவுக்குப் போகவில்லை. சந்தில் புகுந்து கொல்லைப்பக்கம் போனாள். கரண்டி அங்கேயேதான் கிடந்தது. காம்பை விட்டு நெம்பினாள்.

கட்டில் வெறுமையாக இருந்தது. தலைமாட்டில் தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அடுக்களையைப் பார்த்தாள், குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். மாவு டப்பாவைத் திறந்து பார்த்தாள், அதற்கு என்ன அவசியம் என்று அவளுக்கே தெரியாது. குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். ஷூ இரண்டும் சேர்ந்தாற்போல் இருந்தன.

தெருவில் வண்டிச் சக்கரம் நின்ற சத்தம் கேட்டது. எப்போதும் "அண்ணி, நேரமாகுது!" என்று கத்துகிற நாத்தனார் அன்றைக்குக் கத்தவில்லை. வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துண்டக்கா வெளியே வந்தாள். தோளிலிருந்து பதினேழாம் எண் துண்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, கைப்பிடியில் கட்டினாள்.

"பார்த்தாச்சா அண்ணி?"

"பார்த்தாச்சு."

"யாரும் இல்லையே?"

"யாரும் இல்லை."

நாத்தனார் வண்டியைத் தள்ளினாள். இருவரும் பதினெட்டாம் வீட்டுக்குப் போனார்கள்.